பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கும் நாலு சொற்கள் பற்றி ஒரு திறந்த மடல்

தென் லண்டனில் என் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் ஆளுநர் சபைக்கும், அதிபருக்கும், ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் பெற்றோர் சந்திப்புக்கு வந்தபோது நாலாம் ஆண்டு வகுப்புக்கு வெளியே இருபது நிமிடம் காத்திருந்தேன். பக்கத்தில் என் மகள். எதிரே சுவரில் ஒரு பெரிய பதாகை. பிரித்தானியக் கொடி, சிவப்பு பஸ், பிக் பென் மணிக்கூண்டு. நடுவில் நாலு தலைப்புகள்: சனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், வேறு மதமும் நம்பிக்கையும் உள்ளவர்களிடம் மரியாதையும் சகிப்புத்தன்மையும். மேலே கொட்டை எழுத்தில் 'பிரித்தானிய விழுமியங்கள்'. அதற்கு நேர் எதிர்ச் சுவரில் மாதா சொரூபம், ஒரு மெழுகுதிரி, அந்த வாரச் சுவிசேஷத்திலிருந்து ஒரு வரி.

மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, இந்தப் பக்கம் யேசு சொன்னது. அந்தப் பக்கம் அரசாங்கம் சொன்னது. எங்கட ஆக்கள் சொன்னது எங்க இருக்கு?"

எட்டு வயதுப் பிள்ளை. அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு முழுக்க யோசித்தேன். அந்தப் பதிலைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக இல்லை. உங்களால் செய்ய முடியும் என்று நம்புவதால் எழுதுகிறேன்.

அந்தப் பதாகையை நீங்கள் உங்கள் விருப்பத்துக்கு ஒட்டவில்லை என்று எனக்குத் தெரியும். 2011ல் வெளியான பிரிவென்ட் என்ற பயங்கரவாதத் தடுப்புத் திட்டத்தில்தான் இந்த நாலும் 'அடிப்படை பிரித்தானிய விழுமியங்கள்' என்று ஒன்றாக வரையறுக்கப்பட்டன. 2014ல் பேர்மிங்காம் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் மதத் தீவிரக் கருத்துகள் புகுத்தப்படுவதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்த வருடம் நவம்பரில், எல்லாப் பள்ளிகளும் இவற்றை முனைந்து வளர்க்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் வழிகாட்டல் வெளியிட்டது. அடுத்த வருடம் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் பிரிவென்ட் பள்ளிகளுக்கு ஒரு சட்டக் கடமையாகவே ஆனது. பள்ளிகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஆஃப்ஸ்டெட் வந்து பார்க்கும்போது இதையும் பார்க்கும். பார்க்க வருபவர் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும், அதனால் பதாகை. எனக்கு அது விளங்குகிறது.

இந்த நாலு சொற்களில் எதையும் நான் மறுக்கவில்லை. இந்த ஊரில் பிறந்த பலரைவிட எனக்கு இவை பெரியவை என்றுகூடச் சொல்வேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். எங்கள் நாட்டில் அரசாங்கம் 'தேசம்' என்று வாயெடுத்த போதெல்லாம் அதற்கு ஒரு மொழியும் ஒரு மதமும் இருந்தன. 1956ல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனது. 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தார்கள். தமிழ் பேசிக்கொண்டு, கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன எனக்கு அந்தத் தேசத்தில் எந்த மூலையில் இடம் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. அதனால் இந்த நாட்டின் பட்டியலை முதல் தடவை பார்த்தபோது என் கண் தேடியது அதில் இல்லாதவற்றைத்தான். மொழி இல்லை. நிறம் இல்லை. மதம் இல்லை. ஒருவர் இன்னொருவரிடம் எப்படி நடக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. குடியுரிமை எடுத்த அன்று மண்டபத்தில் நின்று, இந்த நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், சனநாயக விழுமியங்களைக் காப்பேன் என்று உறுதி சொன்னபோது குரல் தழுதழுத்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகவில்லை நான்.

2009 ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் சனம் நின்றது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். வேலை முடிய நேரே அங்கே போவேன். பொலிஸுடன் தள்ளுமுள்ளு நடந்த நாட்களும் உண்டு, மழையில் நனைந்துகொண்டு பேசாமல் நின்ற நாட்களும் உண்டு. ஆனால் பாராளுமன்றத்தின் வாசலிலேயே நின்று அந்தப் பாராளுமன்றத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, இரவு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடிந்தது. ஊரில் அப்படி ஒரு இரவு எனக்குக் கிடைத்ததில்லை. தனிமனித சுதந்திரம் என்ற சொல் எனக்குள் இறங்கியது அங்கேதான், எந்தப் பதாகையிலும் இல்லை.

அப்படியானால் என்ன குறை? இந்த விழுமியங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்த வாசல்தான். பயங்கரவாதத் தடுப்பு என்ற வாசல். எங்கள் நாட்டில் 1979ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்தது, 1982ல் நிரந்தரமாகியது. ஒரு சமூகத்தைக் காவலுக்குரிய சமூகமாகப் பார்க்கத் தொடங்கினால் அந்தச் சமூகத்துப் பிள்ளை எப்படி வளரும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயைத் திறக்கமுன் பத்துத் தரம் யோசிக்கும். என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் தாய் ஒருவர் இதே பயத்தை இங்கே இருந்தே சொன்னார். வேறொரு பள்ளியில் படிக்கும் தன் மகனிடம் "வகுப்பில் மதத்தைப் பற்றி யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேசாமல் இரு" என்று சொல்லி அனுப்புகிறாராம். சுதந்திரத்தைப் பற்றிப் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறது. இது சரியா?

ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் இதை வேறு வாசலால் கொண்டுவர முடியும். அதற்கான கதை உங்களிடமே இருக்கிறது, நீங்கள் அதைச் சொல்வதில்லை.

நவம்பர் 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் பிள்ளைகள் கறுப்புத் தாளில் வாணவேடிக்கை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். கை ஃபோக்ஸ் என்ற கெட்ட மனிதன் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தான், பிடிபட்டான், அதனால் நெருப்பு மூட்டுகிறோம். இவ்வளவுதான் என் மகளுக்குத் தெரியும். அவன் கத்தோலிக்கன் என்று தெரியாது. 1605ல் அந்தச் சதியைச் செய்தவர்கள் ஒரு சிறு கூட்டம் என்றும், அதற்குப் பிறகு இந்த நாட்டின் கத்தோலிக்கர் எல்லாருமே சந்தேகத்துக்கு ஆளானார்கள் என்றும் தெரியாது. அடுத்த வருடமே கத்தோலிக்கருக்கென்று விசேஷ விசுவாசப் பிரமாணம் கொண்டுவந்தார்கள். சட்டத்தரணி வேலையும் வைத்தியர் வேலையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. 'நீ இந்த நாட்டுக்கு உண்மையானவனா, ரோமுக்கு உண்மையானவனா' என்ற கேள்வி இருநூறு வருடத்துக்கு மேல் அவர்களைத் துரத்தியது.

இந்தக் கேள்வியை இன்றைக்கு யாரிடம் கேட்கிறார்கள் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களே சொல்வார்கள்.

அந்தச் சதிக்கு முன்பும் பின்பும் நடந்தவற்றையும் அவர்கள் வயதுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லலாம். யோர்க் நகரில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மனைவி மார்கரெட் கிளித்ரோ. குருமாரை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக 1586ல் கொல்லப்பட்டார். இன்று அவர் புனிதர். 1698ல் போட்ட சட்டம், கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தினால் ஆயுள் சிறை என்று சொன்னது. யோசித்துப் பாருங்கள்: நீங்கள் இன்று செய்துகொண்டிருக்கும் வேலைக்கு ஆயுள் சிறை. 1778ல் அதைக் கொஞ்சம் தளர்த்தியபோது, இரண்டு வருடம் கழித்து லண்டன் தெருக்களில் பெரிய கலவரம் வெடித்தது, கத்தோலிக்கச் சிற்றாலயங்களை எரித்தார்கள். 1829ல்தான் ஒரு கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் போய் உட்கார முடிந்தது. அதற்குப் பிறகு, அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பி வந்த ஏழைகளின் பிள்ளைகளுக்காக ஆயர்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். கோவில் கட்டக் காசு இல்லாத இடத்திலும் பள்ளிக்கூடம் முதலில் எழும்பியது. நீங்கள் நடத்துவது அந்த வரிசையில் வந்த ஒரு பள்ளிக்கூடம். அந்நியர் என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அதனால்தான் அங்கே இன்று என் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறது.

ஆக, மத சுதந்திரமும் சட்டத்தின் முன் சமத்துவமும் அரசாங்கம் 2014ல் கண்டுபிடித்து உங்களுக்கு அனுப்பிய பொருட்கள் இல்லை. அவை இல்லாமல் வாழ்ந்து, அவற்றுக்காக உயிரையும் கொடுத்த சனத்தின் பிள்ளைகள் நீங்கள். இதைப் பதாகையில் போடலாமே.

இங்கேதான் என் மகள் கேட்ட 'எங்கட ஆக்கள்' வருகிறார்கள். இங்கிலாந்தில் குருமார் சுவருக்குள் ஒளிந்த கதைக்கு எங்களிடம் ஒரு சோடிக் கதை இருக்கிறது. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்க மதத்தைத் தடை செய்தார்கள். குருமாருக்கு இடமில்லை. எங்கள் சனம் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. அந்தக் காட்டில்தான் இன்று மடு மாதா கோவில் இருக்கிறது. 1687ல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் என்ற குருவானவர் யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வந்து, யார் கத்தோலிக்கர் என்று கண்டுபிடிக்கக் கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். 2015ல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். மார்கரெட் கிளித்ரோவையும் யோசப் வாஸையும் ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால், உங்கள் வகுப்பில் இருக்கும் ஆங்கிலப் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே கதையின் இரண்டு முனைகளில் இருந்து வந்தவர்கள் என்பது தெரியவரும். நைஜீரியா, போலந்து, கேரளம் என்று எத்தனை ஊர்ப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கதை கிடக்கும், கேட்டால் வரும்.

சரி, எங்கள் பக்கத்து நல்லதை மட்டும் சொன்னால் அது உண்மையாகாது. முதலாம் மேரி அரசி காலத்தில், 1550களில், முந்நூறு பேர் அளவில் புரட்டஸ்தாந்துக்காரர் எரிக்கப்பட்டார்கள். எரித்தது எங்கள் பக்கம். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் சைவக் கோவில்களை இடித்தார்கள், அவர்கள் கையிலும் சிலுவை இருந்தது. மத சுதந்திரம் ஒவ்வொரு மனிதருக்கும் உரியது என்று எங்கள் திருச்சபை முறைப்படி அறிவித்தது 1965ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான். அவ்வளவு தூரம் ஏன், 2019ல் சிவராத்திரிக்கு முதல் நாள் என் சொந்த மாவட்டத்தில் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் சைவர்கள் கட்டிய வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி விழுத்தினார்கள். அந்தக் காட்சியை போனில் பார்த்துவிட்டு நான் அழுதேன். மடுவுக்கு நேர்த்திக்கடன் வைத்து நடந்து வரும் சைவச் சனத்தோடு சேர்ந்து சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஏழு வாரம் கழித்து, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் பூசைக்குப் போனவர்கள் ஒரு சிறு இஸ்லாமியத் தீவிரவாதக் கும்பலின் குண்டில் செத்தார்கள். அடுத்த மாதமே அதில் ஒரு சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்கள். 1605க்குப் பிறகு இங்கே நடந்ததும் அங்கே 2019ல் நடந்ததும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறது. நாங்களும் தப்புச் செய்திருக்கிறோம், எங்களுக்கும் தப்புச் செய்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல ஒரு பள்ளிக்கூடம் பயப்படக்கூடாது.

'சகிப்புத்தன்மை' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மகள் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். வலியைத் தாங்கிக்கொள்வதைத்தான் நாங்கள் சகிப்பு என்போம். அவள் பக்கத்தில் இருக்கும் சைவப் பிள்ளையை அவள் சகித்துக்கொள்ள வேண்டுமா? அரசாங்கம் அந்தச் சொல்லை வைத்திருக்கட்டும், ஒரு நாட்டுக்குக் குறைந்தபட்சமாக அது தேவைதான். ஆனால் சுவிசேஷம் அங்கே நிற்கவில்லை. நல்ல சமாரியர் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவர் யார்? கேட்டுக்கொண்டிருந்த சனம் வேற்று வழிபாட்டுக்காரர் என்று ஒதுக்கி வைத்த ஓர் ஆள். குருவும், கோவில் பணி செய்யும் லேவியரும் விலகிப் போனார்கள். அயலவர் யார் என்று கேட்டவருக்கு யேசு காட்டிய முன்மாதிரி ஒரு சமாரியர். எங்கள் மதத்துப் பிள்ளை மற்ற மதத்துப் பிள்ளைக்கு உதவ வேண்டும் என்று மட்டும் இந்தக் கதையைச் சொன்னால் பாதியை விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். மற்ற மதத்துப் பிள்ளையிடம் நாங்கள் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆயர்கள் 2023ல் வெளியிட்ட புதிய மறைக்கல்வித் திட்டத்திலும் மற்ற சமயத்தவரைச் சந்தித்து உரையாடுவதற்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். அதைப் புத்தகத்தில் படம் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் பள்ளியில் படிக்கும் சைவ, முஸ்லிம் குடும்பங்களைக் கூப்பிடுங்கள். தங்கள் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பிள்ளைகளைத் தாங்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சந்தோஷமாக வருவார்கள். அவர்களை இதுவரை யாரும் கேட்கவில்லை.

இனி சனநாயகம். போன வருடம் மாணவர் மன்றத்துக்குத் தேர்தல் வைத்தீர்கள். மகள் மூன்று நாள் இருந்து சுவரொட்டி கீறினாள். வாக்குப்பெட்டி, வாக்குச் சீட்டு எல்லாம் முறையாக நடந்தது, வென்றவர்களுக்கு பட்ஜ் கொடுத்தீர்கள். அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அவர்கள் கேட்டது ஒரேயொரு விஷயம்: மழை நாட்களில் மதிய இடைவேளைக்கு நூலகத்தைத் திறந்துவிட வேண்டும். முடியும் என்றும் பதில் வரவில்லை, முடியாது என்றும் வரவில்லை. வருடம் முடிந்தது. பட்ஜை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டாள். 'இந்த முறை நிற்கவில்லையா' என்று கேட்டேன். 'எதுக்கு?' என்றாள். வளர்ந்தவர்கள் வாக்குப்போடப் போகாமல் இருப்பதற்குச் சொல்லும் அதே வார்த்தை அது.

முடியாது என்று காரணத்தோடு ஒரு பதில் சொல்லியிருந்தால்கூட அது பாடமாகியிருக்கும். கீழே இருப்பவர்கள் தாங்களே செய்யக்கூடியதை மேலே இருப்பவர்கள் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பது பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1931லேயே வலியுறுத்திய கத்தோலிக்கச் சமூகப் போதனை. பிள்ளைகள் முடிவு செய்யக்கூடிய நாலு விஷயத்தை அவர்கள் கையில் உண்மையாகவே கொடுங்கள். விளையாட்டு மைதானத்தை எந்த வகுப்பு எப்போது பாவிப்பது, தவக்காலத்தில் சேர்க்கும் காசில் ஒரு பகுதியை யாருக்கு அனுப்புவது, இப்படி. தப்பாக முடிவெடுத்தாலும் பரவாயில்லை. அடுத்த தவணை மாற்றிக்கொள்வார்கள்.

சட்டத்தின் ஆட்சி என்பதற்குப் பதாகையில் ஒரு பொலிஸ்காரர் படம் போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடத்தில்தான் தெரியவேண்டும். ஒரு பிள்ளை கத்தியதற்காக முழு வகுப்புக்கும் இடைவேளையை நிறுத்துவது இன்னமும் நடக்கிறது. என் மகள் இரண்டு தடவை அப்படி உள்ளே இருந்திருக்கிறாள், ஒன்றும் செய்யாமல். முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் ஆசிரியையின் களைப்பு எனக்குத் தெரியும், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சிலர் செய்ததற்கு எல்லாரையும் தண்டிப்பதுதான் நான் மேலே எழுதிய ஒவ்வொரு கொடுமையினதும் வேர். 1606ல் இங்கிலாந்தின் கத்தோலிக்கருக்கு நடந்தது அது. ஒரு வெடிகுண்டுக்காக முழுக் கிராமத்தையும் சுற்றிவளைத்து, முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன் நிறுத்திய என் ஊரில் நடந்தது அது. இந்த ஒரு பழக்கத்தை நீங்கள் நிறுத்தினால் சட்டத்தின் ஆட்சி பற்றி ஒரு பதாகையும் தேவைப்படாது. உங்கள் நடத்தைக் கொள்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த ஆளுநர் சபைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி கேட்கிறேன்.

அந்தப் பதாகையைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோங்கள், மாதாவுக்குப் பக்கத்தில். சிவப்பு பஸ்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சுதந்திரம் கிடைக்காமல் இருந்த ஒருவரின் கதையை, அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் கதையை, வேறு மதத்து அயலவர் காப்பாற்றிய ஒருவரின் கதையை வீட்டில் அம்மம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது, மகள் மொழிபெயர்ப்பாள்.

நவம்பர் 5க்கு முந்திய வாரம் ஆறாம் ஆண்டு வகுப்புக்கு வந்து யோசப் வாஸ் கதையைச் சொல்ல நான் தயார். புதன்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. அலுவலகத்தில் என் தொலைபேசி எண் இருக்கிறது.

அன்புடன்,
நாலாம் ஆண்டிலும் முதலாம் ஆண்டிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய்